பச்சைக் கல்லும் பள்ளிவாசலும்

சென்ற ஆண்டு எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலின் மிஹ்ராபைப் புதுப்பிப்பது குறித்து ஜமாஅத்தார் கூடிப் பேசினர். வணிகர் ஒருவர் பச்சைச் சலவைக்கல் மாதிரிகள் சிலவற்றைக் கொண்டுவந்து மேசைமீது பரப்பினார். கரும்பச்சை நிலத்தில் வெண்ணிற நரம்புகள் ஓடும் அழகிய கற்கள் அவை. "பச்சை நம்முடைய நிறமாயிற்றே ஹஜ்ரத், பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமானது வேறு உண்டா?" என்று முத்தவல்லி என்னைக் கேட்டார். அப்போது நான் தந்த விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. பச்சை நம்முடைய நிறமானது எப்போது? இந்தக் கல் பள்ளிவாசலுக்குள் நுழைந்தது எப்படி? நம் முன்னோர் அதை எங்கிருந்து, எவ்வழியில் பெற்றனர்? இக்கேள்விகளை ஒட்டிப் பழைய நூல்களைப் புரட்டியபோது கிடைத்த செய்திகளையே இங்கு வாசகர்முன் வைக்கிறேன்.

பெயரும் பொருளும்

அரபு மொழியில் சலவைக்கல்லைக் குறிக்க ருகாம், மர்மர் என இரு சொற்கள் வழங்குகின்றன. மர்மர் என்பது கிரேக்கத்தின் மர்மரோஸ் என்னும் சொல்லோடு உறவுடையது. ஆங்கிலத்தின் மார்பிள் என்பதற்கும் அதுவே வேர். தமிழில் இன்று சலவைக்கல்லைப் பளிங்கு என்றும் சொல்கிறோம். ஆயினும் பழந்தமிழில் பளிங்கு என்பது ஒளி ஊடுருவும் படிகத்தையே குறித்தது. மணிமேகலையில் வரும் பளிக்கறை இத்தகைய படிக அறையே.

கல்லியல் அறிஞர்கள் சலவைக்கல் என்பதை மிகக் குறுகிய பொருளில் ஆள்கின்றனர். சுண்ணாம்புப் பாறை பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிப் படிகத்தன்மை பெற்றால் அதுவே அவர்களுக்குச் சலவைக்கல். சந்தையில் பச்சை மார்பிள் என விற்கப்படுவதில் பெரும்பகுதி இவ்வகையைச் சேர்ந்ததன்று. மக்னீசியம் மிகுந்த ஆழ்நிலப் பாறைகள் நீருடன் வினைபுரிந்து மாறுவதால் உண்டாகும் செர்பன்டைன் என்னும் கனிமமே அதன் பச்சைக்குக் காரணம். பாம்பின் தோலைப் போன்ற புள்ளிகளும் கோடுகளும் உடையதால் இலத்தீன் மொழியில் பாம்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. உடைந்த செர்பன்டைன் துண்டுகளுக்கிடையே வெள்ளைச் சுண்ணாம்புக் கனிமம் புகுந்து இறுகினால், பச்சைக்குள் வெண்மை கலந்த கல் கிடைக்கும். பழைய கட்டடங்களில் நம் கண்ணைக் கவரும் பச்சைத் தூண்கள் பல இவ்வகையினவே. மெருகேற்றிய பின் இதன்மீது ஒளி பட்டால் ஆழமான நீர்நிலையைப் பார்ப்பது போன்ற தோற்றம் உண்டாகும். இக்கல்லைக் கண்டோர் பலருக்கும் தண்ணீரின் நினைவு வந்ததற்கு இதுவே காரணம்.

தெஸ்ஸாலியின் சுரங்கங்கள்

இக்கல்லின் புகழ்பெற்ற பிறப்பிடம் கிரேக்க நாட்டின் தெஸ்ஸாலிப் பகுதி. இன்றைய லாரிஸா நகருக்கு அருகே, பண்டைய அத்ராக்ஸ் நகரின் பெயரால் அறியப்பட்ட சுரங்கங்களில் இது வெட்டப்பட்டது. ரோமானியர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டு முதல் இதைப் பெருமளவில் பயன்படுத்தினர். பிற்கால இத்தாலியக் கல்வணிகர் இதைப் 'பழம் பச்சை' என்னும் பொருளில் வெர்தே ஆன்திகோ என அழைத்தனர்.

கான்ஸ்டான்டினோபிளில் பேரரசர் ஜஸ்டினியன் 532 முதல் 537 வரை எழுப்பிய அயாசோஃபியாவில் இக்கல் தன் உச்ச நிலையை எய்தியது எனலாம். நடுக்கூடத்தின் வடபுறத்திலும் தென்புறத்திலும் நான்கு நான்காக நிற்கும் எட்டுப் பெருந்தூண்களும் தெஸ்ஸாலியின் பச்சைக் கல்லே. அக்காலத்து வரலாற்றாசிரியர் புரொகோப்பியஸ், அக்கட்டடத்தின் கற்களைப் பார்ப்பவன் பூத்துக் குலுங்கும் புல்வெளிக்குள் நுழைந்தவனாகத் தன்னை உணர்வான் என்ற கருத்துப்பட எழுதினார். 563-இல் பவுலோஸ் என்னும் அரசவைப் புலவர் இயற்றிய நெடும்பாடல் ஒவ்வொரு கல்லையும் அதன் ஊர்ப்பெயரோடு வரிசைப்படுத்துகிறது. அதில் அத்ராக்ஸின் பச்சைக்கும் இடமுண்டு.

அயாசோஃபியாவின் தரையில் வெளிர்நிறக் கற்பரப்பைக் குறுக்கே வெட்டிச் செல்லும் நான்கு பச்சைப் பட்டைகள் இருக்கின்றன. பிற்காலக் கிரேக்க நூலொன்று இவற்றைச் சுவனத்திலிருந்து பாயும் நான்கு ஆறுகளாகக் கண்டது. இதைப் படிக்கும் முஸ்லிம் வாசகருக்கு ஸூரத்துந் நம்லில் வரும் சுலைமான் (அலை) அவர்களின் மாளிகை நினைவுக்கு வராமல் இராது. பளபளக்கும் தரையைத் தண்ணீர் என எண்ணி ஸபா நாட்டரசி தம் ஆடையை உயர்த்திய நிகழ்ச்சி அது. கல்லையும் கண்ணாடியையும் நீராகக் கண்டு மயங்குவது மனிதக் கண்ணுக்கு இயல்பு. அந்த மயக்கம் நீங்கியதும் அரசி கட்டடத்தைப் புகழ்ந்துகொண்டு நிற்கவில்லை. அகிலங்களின் இறைவனுக்கு அடிபணிந்தார் என்பதே அந்நிகழ்ச்சியின் படிப்பினை.

1453-இல் சுல்தான் இரண்டாம் முஹம்மது நகரை வென்றபின் அயாசோஃபியா பள்ளிவாசலாயிற்று. 1934-ஆம் ஆண்டு ஆணையால் அருங்காட்சியகமாக்கப்பட்டு, 2020-இல் மீண்டும் பள்ளிவாசலாக்கப்பட்டது. இத்தனை மாற்றங்களிலும் அந்த எட்டுத் தூண்களும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. உஸ்மானியக் கட்டடக் கலைஞர்கள் அவற்றைப் போற்றியதோடு நில்லாமல், பழைய கட்டடங்களிலிருந்து கிடைத்த இத்தகைய கற்களைத் தம் புதிய பள்ளிகளிலும் நிறுவினர். சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1501 முதல் 1506 வரை கட்டிய பள்ளிவாசலின் முற்றத்தைச் சுற்றிப் பச்சைக் கல், செந்நிறப் போர்பிரி, எகிப்தியக் கருங்கல் ஆகிய பழந்தூண்கள் நிற்பதை இன்றும் காணலாம்.

பச்சை எப்போது நம் நிறமாயிற்று?

முத்தவல்லியின் கேள்விக்குள் மறைந்திருந்த முதல் கேள்வி இது. சுவனவாசிகளின் ஆடை பச்சைப் பட்டு எனத் திருக்குர்ஆன் குறிப்பிடுகிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்களைப் பச்சை ஆடையில் கண்டதாக ஹதீஸ் நூல்களில் அறிவிப்புண்டு. ஆகவே பச்சைக்கு நம் உள்ளத்தில் ஒரு கண்ணியம் இருப்பது உண்மை. ஆனால் முஸ்லிம்களின் பொது அடையாள நிறம் என ஆதியிலிருந்தே அது கருதப்பட்டதில்லை. அப்பாஸியரின் நிறம் கறுப்பு. உமையாக்களோடும் ஃபாத்திமியரோடும் வெண்மை இணைத்துப் பேசப்பட்டது. நம் நெஞ்சில் பதிந்த மதீனாவின் பச்சைக் குவிமாடத்தையே எடுத்துக்கொள்வோம். புனித அறையின்மேல் முதன்முதலாகக் குவிமாடம் எழுப்பப்பட்டது மம்லூக் சுல்தான் கலாவூனின் காலத்தில், 1279-இல் (ஹிஜ்ரி 678). அதற்குப் பச்சை வண்ணம் பூசப்பட்டதோ உஸ்மானிய சுல்தான் இரண்டாம் மஹ்மூதின் காலத்தில், 1837-இல் (ஹிஜ்ரி 1253).

எனினும் பச்சைக் கல்லுக்கென்று தனி மதிப்பு அதற்கு வெகுமுன்பே இருந்தது. ஸ்பெயின் நாட்டுப் பயணி இப்னு ஜுபைர் 1183-இல் மக்காவை அடைந்து பல மாதங்கள் தங்கியிருந்தார். கஅபாவை ஒட்டிய ஹிஜ்ரில், மீஸாபின் கீழே, இஸ்மாயீல் (அலை) அவர்களின் அடக்கத்தலம் என மக்கள் கருதிய இடத்தில், மிஹ்ராப் வடிவில் நீண்டதொரு பச்சைச் சலவைக்கல்லும் அதையடுத்து வட்டமான மற்றொரு பச்சைக் கல்லும் பதிக்கப்பட்டிருந்ததை அவர் பதிவு செய்கிறார். அக்கற்களில் சிறிது மஞ்சள் நோக்கித் திரியும் புள்ளிகள் இருந்தனவாம். தங்கத்தை உருக்கிய மூசையில் எஞ்சி நிற்கும் புள்ளிகளுக்கு அவர் அவற்றை ஒப்பிடுகிறார். அது உண்மையில் அடக்கத்தலமா என்பது அறிஞர்களின் ஆய்வுக்குரியது. நமக்கு இங்குத் தேவைப்படுவது ஒன்றே. ஓரிடத்தைக் கண்ணியத்தோடு அடையாளப்படுத்த விரும்பியபோது அன்றைய முஸ்லிம்கள் பச்சைக் கல்லைத் தேர்ந்தனர்.

குர்துபாவின் நான்கு தூண்கள்

இப்னு ஜுபைரின் தாயகமான அந்தலுஸிலும் பச்சைக் கல்லுக்கு உயரிய இடம் கிடைத்திருந்தது. குர்துபாப் பெரிய பள்ளிவாசலைப் பற்றி எழுதிய புவியியலறிஞர் அல்-இத்ரீஸீ, மிஹ்ராபின் இருபுறமும் நான்கு தூண்கள் நிற்பதாகவும், அவற்றுள் இரண்டு பச்சை, இரண்டு 'ஸுர்ஸூரீ' எனவும் குறிப்பிடுகிறார். ஸுர்ஸூர் என்பது உடலெங்கும் சிறுபுள்ளிகள் கொண்ட ஒருவகை மைனா இனப் பறவை. அப்பறவையின் இறகைப் போலப் புள்ளி விழுந்த கல் என்பது பொருள். கல்லுக்குப் பறவையின் பெயரைச் சூட்டிய அம்மொழியின் கூர்மை வியப்புக்குரியது. அத்தூண்களுக்கு விலைமதிப்பே இல்லை என்றும் அவர் கூறுகிறார்.

இத்தூண்களின் வரலாறு இன்னும் சுவையானது. அமீர் இரண்டாம் அப்துர் ரஹ்மான் ஒன்பதாம் நூற்றாண்டில் பள்ளியை விரிவாக்கியபோது அவருடைய மிஹ்ராபை அணிசெய்தவை இவை. ஒரு நூற்றாண்டுக்குப் பின் கலீஃபா இரண்டாம் ஹகம் பள்ளியை மேலும் தெற்கே நீட்டினார். பழைய மிஹ்ராபை அகற்ற வேண்டியதாயிற்று. உலகின் எந்த மூலையிலிருந்தும் புதிய தூண்களை வரவழைக்கும் செல்வம் அவரிடம் இருந்தது. ஆனால் அவர் அந்த நான்கு பழைய தூண்களையே பெயர்த்துத் தம் புதிய மிஹ்ராபில் நிறுத்தினார். ஹிஜ்ரி 354 (கி.பி. 965) எனக் காலம் குறித்து அவர் பொறித்த கல்வெட்டு இன்றும் அங்கே இருக்கிறது. முன்னோர் வைத்ததை வீசியெறியாமல் மரியாதையோடு இடம்மாற்றிக்கொள்வதும் ஒரு பண்பாடு.

மதீனத்துஸ் ஸஹ்ராவின் கணக்கேடு

ஹகமின் தந்தை மூன்றாம் அப்துர் ரஹ்மான், குர்துபாவுக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஹிஜ்ரி 325-இல் (கி.பி. 936) மதீனத்துஸ் ஸஹ்ரா என்னும் அரச நகரைக் கட்டத் தொடங்கினார். அதன் கற்களின் கணக்கை இப்னு இதாரீ, அல்-மக்கரீ போன்ற வரலாற்றாசிரியர்கள் நமக்குத் தந்துள்ளனர். தூண்கள் மொத்தம் 4,300-க்கும் மேல். அவற்றுள் 1,013 இஃப்ரீகியாவிலிருந்து, அதாவது இன்றைய துனீசியப் பகுதியிலிருந்து வந்தவை. 140 தூண்கள் ரோமப் பேரரசர் கான்ஸ்டான்டினோபிளிலிருந்து அனுப்பிய அன்பளிப்பு. வெண்ணிறக் கல் அல்மரியாவிலிருந்து வந்தது. ரோஜா நிறமும் பச்சையும் இஃப்ரீகியாவின் கார்த்தேஜ், ஸஃபாகுஸ் ஆகிய இடங்களிலிருந்து கடல் கடந்து வந்தன. இந்த எண்களில் மிகை இருக்கலாம் என்பர் இன்றைய ஆய்வாளர்.

எண்களைவிட என் கவனத்தை ஈர்த்தது வேறு. கொண்டுவரப்பட்ட ஒவ்வொரு சலவைக்கல் துண்டுக்கும் 3 தீனார், ஒவ்வொரு தூணுக்கும் 8 தீனார் என விலை கொடுக்கப்பட்டதாக ஏடுகள் கூறுகின்றன. கல்லைக் கொண்டுவந்தோரின் பெயர்களும் பதிவாகியுள்ளன. அவருள் அலீ இப்னு ஜஃபர் அல்-இஸ்கந்தரானீ என்னும் அலெக்ஸாந்திரியாக்காரரும் ஒருவர். மனித உருவங்கள் செதுக்கிய பச்சைத் தொட்டி ஒன்றும் அங்கே இருந்தது. அதை ஷாமிலிருந்து (கான்ஸ்டான்டினோபிளிலிருந்து என்போரும் உளர்) கொண்டுவந்தவர்களாகக் குறிக்கப்படுவோர் அஹ்மத் என்னும் முஸ்லிமும் ரபீஃ என்னும் கிறிஸ்தவ ஆயரும். ஒரு கல்லைத் தேடி இரு சமயத்தாரும் ஒன்றாகக் கடல் கடந்திருக்கிறார்கள்.

ஆயினும் விலை கொடுத்து வாங்கியது என்பதாலேயே அனைத்தும் நேராகிவிடுமா? இல்லை என்று நிமிர்ந்து சொன்னவர் குர்துபாவின் தலைமைக் காழி முன்திர் இப்னு ஸயீத் அல்-பல்லூத்தீ (ரஹ்). கட்டட வேலையில் மூழ்கிய கலீஃபா, தொடர்ந்து மூன்று ஜும்ஆக்களுக்கு வரவில்லை. அடுத்த வாரம் அவர் வந்தமர்ந்தபோது, முன்திர் தம் குத்பாவை ஸூரத்துஷ் ஷுஅராவின் வசனங்களால் தொடங்கினார். உயரமான இடந்தோறும் வீணுக்குச் சின்னங்கள் எழுப்பிய ஆது சமூகத்தாரை ஹூது (அலை) அவர்கள் கண்டித்த வசனங்கள் அவை. கேட்டிருந்த மக்கள் அழுதனர், கலீஃபாவும் அழுதார். பின்னர் மனம் புண்பட்டு, இனி இவர் பின்னால் ஜும்ஆ தொழமாட்டேன் எனச் சூளுரைத்தார். அப்படியானால் அவரைப் பதவி நீக்கலாமே என மகன் ஹகம் கேட்டார். முன்திரைப் போன்ற ஒருவரை நீக்கும் எண்ணத்துக்கே தந்தை இடந்தரவில்லை. மற்றொரு முறை, மண்டபமொன்றின் கூரைக்குப் பொன்னும் வெள்ளியும் வேய்ந்ததைக் காழி கண்ணீரோடு கண்டித்தபோது, அவற்றை அகற்றிச் சாதாரண ஓடு வேயுமாறு கலீஃபா ஆணையிட்டார் என்பதும் வரலாறு.

அந்நகரம் ஒரு நூற்றாண்டு வாழவில்லை. 1010-ஆம் ஆண்டளவில் உள்நாட்டுப் போரில் சூறையாடப்பட்டது. அதன் தூண்களும் தூண்தலைகளும் பல ஊர்களுக்குப் பெயர்க்கப்பட்டன. அகழ்ந்தெடுக்கப்பட்ட அதன் இடிபாடுகள் 2018-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. முன்திரின் சொற்களோ ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகச் சிதையாமல் நிற்கின்றன.

திமிஷ்கின் விவாதம்

அழகுக்கும் எளிமைக்கும் இடையிலான இவ்விவாதம் அந்தலுஸில் தோன்றியதன்று. மஸ்ஜிதுந் நபவியை விரிவாக்கியபோது உமர் (ரலி) அவர்கள் மக்களை மழையிலிருந்து காத்தால் போதும், தொழுவோரின் கவனத்தைச் சிதறடிக்கும் வண்ணங்கள் வேண்டா எனப் பணித்தார்கள். அதே பள்ளியை உஸ்மான் (ரலி) அவர்கள் செதுக்கிய கல்லாலும் தேக்கு மரக் கூரையாலும் புதுக்கினார்கள். இரண்டும் நமக்கு முன்மாதிரிகளே.

கலீஃபா வலீத் 715-இல் முடிந்த திமிஷ்குப் பெரிய பள்ளிவாசலின் சுவர்களைப் பலவண்ணச் சலவைக்கற்களாலும் பொன் பூசிய மணிக்கற்களாலும் மூடினார். சில ஆண்டுகளில் ஆட்சிக்கு வந்த உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களுக்கு அது வீண்செலவாகத் தோன்றியது. அலங்காரங்களைக் கழற்றிப் பைத்துல்மாலில் சேர்க்க எண்ணினார்கள். அவ்வேளையில் ரோம நாட்டுத் தூதுக்குழு ஒன்று பள்ளியைப் பார்க்க வந்தது. தலையுயர்த்திப் பார்த்த அதன் தலைவரின் முகம் வெளிறியது. அரபுகளின் ஆட்சி நெடுநாள் நீடிக்காது எனத் தாம் நம்பியிருந்ததாகவும், இதைக் கண்டபின் அந்நம்பிக்கை போய்விட்டதாகவும் அவர் கூறினாராம். அதைக் கேள்வியுற்ற உமர் (ரஹ்) தம் எண்ணத்தைக் கைவிட்டார்கள். இப்னு அஸாக்கிர் முதலியோர் இதை எழுதியுள்ளனர். பத்தாம் நூற்றாண்டின் அல்-மக்திஸீயும் இளமையில் இதே ஐயத்தைத் தம் சிறிய தந்தையிடம் எழுப்பியதைப் பதிவு செய்கிறார். அப்பணத்தில் சாலைகளையும் கோட்டைகளையும் செப்பனிட்டிருக்கலாமே என்றாராம் இவர். ஷாமின் தேவாலயங்களின் அழகு முஸ்லிம்களின் கண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது, ஆகவேதான் வலீத் இதைக் கட்டினார் என்பது சிறிய தந்தையின் விடை. 1893-இல் நேர்ந்த தீயில் அப்பள்ளியின் பழஞ்சிறப்பில் பெரும்பகுதி அழிந்தது. கிழக்கு வாயிலருகே சில பழைய கற்பலகைகள் எஞ்சியுள்ளன.

பறித்த கல்

விலைக்கு வாங்கியதும் அன்பளிப்பாக வந்ததும் போக, பறித்த கல்லும் நம் வரலாற்றில் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்வதே நேர்மை. கெய்ரோவின் மம்லூக் சுல்தான்கள் பலவண்ணச் சலவைக்கல்லில் பெருவிருப்புடையோர். தேவைப்பட்ட கல் கிடைக்காதபோது பழைய மாளிகைகளிலிருந்தும் பிறர் வீடுகளிலிருந்தும் பெயர்த்தெடுத்ததைச் சமகால ஆசிரியர்கள் குறைகூறி எழுதியுள்ளனர். சுல்தான் கான்ஸூஹ் அல்-கவ்ரீ 1503 முதல் 1505 வரை மத்ரஸாவும் அடக்கத்தலமுமாகப் பெருங்கட்டடம் எழுப்பினார். அநியாயமாகத் திரட்டிய பணத்திலும் பறித்த கற்களிலும் அது உருவானதாக மக்கள் பேசிக்கொண்டனர். நகரத்து நகைச்சுவையாளர் அதற்கு 'அல்-மஸ்ஜிதுல் ஹராம்' எனப் பெயரிட்டதை வரலாற்றாசிரியர் இப்னு இயாஸ் குறிக்கிறார். ஹராம் என்னும் சொல்லுக்குப் புனிதமானது எனவும் விலக்கப்பட்டது எனவும் இருபொருள் உண்டல்லவா? கஅபாவைச் சூழ்ந்த பள்ளிக்கு முதற்பொருளில் வழங்கும் பெயரை, சுல்தானின் பள்ளிக்கு இரண்டாம் பொருளில் சூட்டினர். சட்ட நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதைக் கெய்ரோ மக்கள் ஒரு சொல்லில் முடித்துவிட்டனர்.

அல்-கவ்ரீ 1516-இல் மர்ஜ் தாபிக் போர்க்களத்தில் இறந்தார். அவருடைய உடல் கிடைக்கவேயில்லை. தமக்கெனக் கட்டிய அடக்கத்தலத்தில் அவர் அடங்கவில்லை. அடுத்த ஆண்டு கெய்ரோவைக் கைப்பற்றிய உஸ்மானிய சுல்தான் முதலாம் ஸலீம், கோட்டை மாளிகைகளின் சலவைக்கற்களைப் பெயர்த்துக் கப்பலேற்றினார். பிறரிடம் பறித்தவர்களின் கல்லும் பறிபோயிற்று.

எகிப்தின் மற்றொரு பச்சைக் கல்லின் கதையும் இதனோடு ஒப்பிடத்தக்கது. நைல் நதிக்கும் செங்கடலுக்கும் இடையிலுள்ள வாதி ஹம்மாமாத் பள்ளத்தாக்கில் கிடைக்கும் கூழாங்கற்கள் செறிந்த பசுங்கல்லைக் குடைந்து, எகிப்தின் மன்னர் இரண்டாம் நெக்தானெபோவுக்குப் (கி.மு. 360–343) பெரியதொரு கற்பேழை செய்யப்பட்டது. பாரசீகப் படையெடுப்பில் நாட்டைவிட்டு ஓடிய அவர் அதில் அடக்கம் செய்யப்படவில்லை. பிற்காலத்தில் அப்பேழை அலெக்ஸாந்திரியாவின் அத்தாரீன் பள்ளிவாசலில் நீர்த்தொட்டியாயிற்று. நீர் வழிவதற்காக அதன் அடிப்பகுதியில் 12 துளைகள் இடப்பட்டன. மன்னனின் சவத்துக்கென வெட்டிய கல், ஏழை எளியோர் தூய்மை செய்துகொள்ளத் தண்ணீர் தந்தது. நெப்போலியனின் படையெடுப்பின்போது பிரெஞ்சுக்காரர் அதைப் பள்ளியிலிருந்து எடுத்தனர். 1801-இல் அவர்கள் தோற்றபோது ஆங்கிலேயர் கைக்கு மாறியது. இன்று அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அந்தத் துளைகளோடு காட்சிக்கு இருக்கிறது. கல்லின்மேல் வரைந்த எழுத்துகளை அறிஞர்கள் படித்து விளக்கியது நன்மையே. ஆனால் அதை எடுத்தபோது அப்பள்ளியில் உளூச் செய்துகொண்டிருந்தவர்களின் சம்மதத்தை எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இன்றைய கல்

இப்போது நம் ஊருக்கு வருவோம். தமிழகத்துக் கடைகளில் கிடைக்கும் பச்சை மார்பிளில் பெரும்பங்கு ராஜஸ்தானின் உதய்ப்பூர் வட்டாரத்திலிருந்து, குறிப்பாகக் கேசரியாஜி என வழங்கும் ரிஷப்தேவ் பகுதியிலிருந்து வருகிறது. அதுவும் செர்பன்டைன் இனமே. பயன்படுத்துவோர் அறியவேண்டிய இயல்புகள் சில உண்டு. மெல்லிய பலகைகளாக அறுத்து ஈரச் சிமெண்ட் கலவையில் பதித்தால் இவ்வினக் கல் வளைந்து எழும்பக்கூடும். ஆகவே நீர் கலவாத எப்பாக்ஸி வகைப் பசையால் ஒட்டுவதே பாதுகாப்பு. விரிசல் மிகுந்த கல் என்பதால் பின்புறம் வலை ஒட்டி, பிசின் ஊட்டியே விற்கின்றனர். வெண்ணிற நரம்புகள் சுண்ணாம்புத் தன்மையுடையவை. அமிலம் கலந்த துப்புரவுத் திரவங்கள் பட்டால் அவை அரிக்கப்படும். உளூச் செய்யும் இடத்தில் மெருகேற்றிய பலகை வழுக்கும். முதியோர் வந்துபோகும் இடத்துக்கு அது ஏற்றதன்று.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது ஒன்று. செர்பன்டைன் பாறைகள் சிலவற்றில் கிரிசோடைல் என்னும் கல்நார் இழைகள் கலந்திருக்கக்கூடும். பதித்து முடித்த பலகையால் தொழுவோருக்குப் பெரும் அச்சமில்லை. ஆனால் நீர் தெளிக்காமல், முகத்தை மூடாமல், உலர்ந்த கல்லை அறுக்கும் தொழிலாளியின் நுரையீரலில் அத்தூசி ஆண்டுக்கணக்கில் தங்கித் தீராத நோயைத் தரும். பள்ளிவாசல் முற்றத்திலேயே இயந்திரத்தை வைத்து, பச்சைப் புழுதி எழ எழ இளைஞர்கள் அறுத்துக்கொண்டிருப்பதை நாம் பார்த்தும் பாராமல் கடந்திருக்கிறோம்.

மதீனத்துஸ் ஸஹ்ராவின் ஏடு கல்லுக்குக் கொடுத்த விலையையும் கொண்டுவந்தவரின் பெயரையும் பதிந்து வைத்தது. நம் பள்ளிகளின் கணக்குப் புத்தகத்தில் சதுர அடியும் தொகையும் இருக்கும். அறுத்தவரின் நலத்துக்கு அதில் ஒரு வரி இருப்பதில்லை. பள்ளியை அலங்கரிப்பவர் தம் சொந்தப் பொருளிலிருந்து செய்யலாம், வக்ஃபின் வருமானத்திலிருந்து செய்தலாகாது என ஹனஃபீ சட்ட நூல்கள் வரையறுக்கின்றன. பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் இச்சட்டத்தின் நோக்கை ஒட்டி, அக்கல்லுக்காக யார் துன்புறுகிறார் என்று கேட்பதும் நம் கடமையாகும் என்பது என் தாழ்மையான கருத்து.

அடுத்த கூட்டத்தில் இச்செய்திகளை ஜமாஅத்தார்முன் சுருக்கமாக எடுத்துரைத்தேன். சிலர் முகம் சுளித்தனர், பலர் கேட்டனர். முடிவில், பழைய கடப்பைக் கல் தரையை அப்படியே விட்டுவைப்பது என்றும், மிஹ்ராபின் இருபுறமும் மட்டும் பச்சைக் கல் பதிப்பது என்றும் தீர்மானமாயிற்று. அதற்கான செலவை அன்பர் ஒருவர் தம் சொந்தப் பொறுப்பில் ஏற்றார். கல்லைப் பட்டறையிலேயே நீர் பாய்ச்சி அறுத்துக் கொண்டுவர வேண்டும் என்பதை முத்தவல்லியே ஒப்பந்தத்தில் எழுதச் செய்தார்.

இப்போது அம்மிஹ்ராபின் முன் நிற்கும்போது குர்துபாவின் இரு பச்சைத் தூண்கள் என் நினைவுக்கு வருகின்றன. அவற்றோடு முன்திர் இப்னு ஸயீத் அவர்களின் குரலும் வருகிறது. இரண்டையும் சேர்த்தே நம் முன்னோர் நமக்கு விட்டுச் சென்றனர். தூண்களை மட்டும் எடுத்துக்கொண்டு குரலை விட்டுவிடுவது நமக்கு அழகன்று.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.